ஏழாம் ஆண்டு இல்லாத அடிமை

திண்டுக்கல்லிலிருந்து கரூர்ப் பாதையில் வடக்கே சென்றால், குடகனாற்றை ஒட்டித் தாடிக்கொம்பு. ஊர் சிறிது, கோயில் பெரிது. சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களைக் காண எங்கெங்கிருந்தோ வருகின்றனர். வரட்டும், காணட்டும், வியக்கட்டும்! கல்லிலே நரம்பு ஓடுகிறது, நகம் தெரிகிறது, நகை மின்னுகிறது. அந்த உளியைப் பிடித்த கை உழைப்பாளியின் கை என்பதால், அக்கலையைக் காண நமக்கும் பெருமைதான்.

அண்மையில் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு தூணின்முன் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். உலகளந்தான் சிற்பம் அது. மண்ணை ஓரடியால் அளந்தான், விண்ணை ஓரடியால் அளந்தான், மூன்றாம் அடிக்கு இடமின்றி மாவலியின் தலைமீதே கால் வைத்தான் என்பது கதை. குள்ளனாக வந்து கேட்டவன் ஒருவன். கேட்டதைத் தட்டாமல் கொடுத்தவன் மற்றொருவன். கொடுத்தவனுக்குக் கிடைத்தது பாதாளம்; வாங்கியவனுக்குக் கிடைத்தது கோயில்! மாவலி செய்த குற்றம்தான் என்ன? கல் பேசவில்லை. நாம் வெளியே வந்தோம்.

வெளியே தேநீர்க் கடையில் காத்திருந்தார் ஒரு தோழர். நூற்பாலைத் தொழிலாளி, ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குச் செல்பவர். அவருக்கு ஓர் ஐயம். அடிமைகள் தம் எசமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பைபிளிலே பவுல் எழுதியிருக்கிறாராம். வேதமே அப்படிக் கூறுமானால் அடிமைத்தனம் நியாயம்தானா, நியாயமென்றால் உலகம் அதை ஒழித்தது ஏன் என்று கேட்டார்.

தூணின்முன் எழுந்த கேள்வி ஒன்று. தேநீர்க் கடையில் எழுந்த கேள்வி மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே மனிதர், ஒரே புத்தகத்தில், 1873ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டார். அவர் பேராசிரியரல்லர், பிரபுவல்லர், பூந்தோட்டக்காரன் மகன். ஜோதிராவ் பூலே அவர் பெயர். தோழரிடம் அந்த வாழ்க்கையைத்தான் கூறினோம். இங்கும் கூறுகிறோம்.

இன்று புனே என வழங்கும் பூனாவில், 1827 ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார் ஜோதிராவ். மாலி என்பது சாதி. தோட்ட வேலை குலத்தொழில். பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூக் கொடுத்து வந்த குடும்பமாதலால் பூலே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பூவைக் கொடுக்கலாம், பூசை நடக்கும் இடத்தில் நிற்கலாகாது! அது பேஷ்வாக்கள் காலத்து நீதி. அவர்கள் ஆட்சியிலே, தீண்டத்தகாதார் எனப்பட்டோர் எச்சில் துப்பக் கழுத்திலே கலயம், அடிச்சுவட்டைத் துடைக்க இடுப்பிலே துடைப்பம் கட்டித் தெருவில் நடக்க நேர்ந்ததாக அந்நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறி வந்தனர். 1818இல் பேஷ்வா ஆட்சி வீழ்ந்தது. கொடி மாறியது, கொடுமை மாறவில்லை.

தவழும் பருவத்திலேயே தாயை இழந்தார். தந்தை கோவிந்தராவ் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். தோட்டக்காரன் பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று ஊர்ப் பெரியோர் முணுமுணுத்தனர். தந்தை பயந்தார், மகன் கையிலிருந்த பலகையைப் பிடுங்கி மண்வெட்டியைக் கொடுத்தார். ஆனால் பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்த சிறுவன், இரவெல்லாம் விளக்கொளியில் படித்தான். அதைக் கண்டவர் இருவர்: பக்கத்தில் இருந்த பாரசீக மொழி ஆசிரியர் கஃபார் பேக் முன்ஷி, வெள்ளையரான லிஜிட் துரை. இருவரும் தந்தையிடம் பரிந்து பேசினர். 1841இல் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நடத்திய பள்ளியிலே சேர்க்கப்பட்டான் சிறுவன். ஒரு முஸ்லிம் பரிந்துரைத்தார், ஒரு கிறித்தவர் பரிந்துரைத்தார். சொந்த மதத்தின் காவலரோ கதவைச் சாத்தினர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே!

அப்பள்ளியிலே அவர் பைபிளைப் படித்தார். அதற்குப் பின் தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலைப் படித்தார். ஒன்று, கடவுள்முன் மனிதர் எல்லோரும் ஒன்றென்று கேட்டறிய வைத்தது. மற்றொன்று, அரசின்முன்னும் அப்படித்தான் என்று வாதாடக் கற்றுத் தந்தது. படித்ததை உரைத்துப் பார்க்கும் நாள் விரைவிலேயே வந்தது.

1848. பிராமண நண்பர் ஒருவர் வீட்டுத் திருமணம். அழைப்பு வந்தது, அன்போடு சென்றார். ஊர்வலத்திலே நண்பர்களோடு நடந்தார். கூட்டத்தில் ஒருவன் அவரை அடையாளம் கண்டான். சூத்திரன் எங்களோடு சமமாக நடப்பதா என்று சீறினான். சுற்றமெல்லாம் சேர்ந்து ஏசியது. தலைகுனிந்து வீடு திரும்பிய மகனிடம் தந்தை சொன்னது என்ன தெரியுமா? ஏசியதோடு விட்டார்களே, அதற்கு மகிழ்ச்சி கொள் என்றார். பேஷ்வா காலமாயிருந்தால் தண்டனையே வேறு என்றார். அவமானத்தைவிட அந்த ஆறுதல்தான் மகனைச் சுட்டது. அடித்தவனைக் கண்டு ஆத்திரப்படாமல், குறைவாக அடித்தானே என்று நன்றி பாராட்டும் உள்ளம்! விலங்கு காலிலே இல்லை, கருத்திலே இருக்கிறது என்று அன்று கண்டுகொண்டார் ஜோதிராவ்.

கண்டதும் கதறவில்லை, கல்லூரி மேடை தேடவில்லை. அதே 1848இல், பிடே என்பாரின் மாளிகையில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். ஆசிரியை கிடைக்கவில்லை. 13 வயதில் தாம் மணந்த, அப்போது 9 வயதுச் சிறுமியான சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்திருந்தார். அந்த அம்மையாரே ஆசிரியையானார். பள்ளிக்குச் செல்லும் வழியில் சாணி வீசினர், சேறு வீசினர், கல் வீசினர். அம்மையார் பையிலே இன்னொரு சேலை எடுத்துச் சென்றார்; பள்ளியிலே மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். வீசியவர் கை ஓய்ந்தது. எழுதிய கை ஓயவில்லை.

ஊரார் தந்தையை மிரட்டினர். பள்ளியா, வீடா என்று கேட்டார் தந்தை. மகனும் மருமகளும் 1849இல் உடுத்த உடையோடு வெளியேறினர். அடைக்கலம் தந்தவர் உஸ்மான் ஷேக் என்னும் நண்பர். அதன்பின் மகார், மாங் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்க்கும் பள்ளிகள் தோன்றின. 1852இல் சர்க்காரே பூனாவில் விழா எடுத்து அவருக்குச் சால்வை அணிவித்தது. சால்வைக்கு மறுமொழி 1856இல் வந்தது: இருட்டிலே இரு கொலைஞர்! கூலி பேசி ஏவப்பட்டவர்கள். விழித்தெழுந்த பூலே, தம் உயிரால் இந்த ஏழைகளுக்குக் கூலி கிடைக்குமானால் கொள்ளட்டும் என்ற பாங்கில் நின்றார். கத்தி கீழே விழுந்தது. இருவரும் பின்னர் அவர் பள்ளியிலேயே எழுத்துப் படித்து, அவர் தொண்டர்களானார்கள் என்று வரலாறு கூறுகிறது.

அவர் தொண்டு தம் வகுப்பாரோடு நிற்கவில்லை. இளம் வயதில் தாலியறுத்து, மறுமணம் மறுக்கப்பட்டு, ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற பிராமணப் பெண்கள், பெற்ற சிசுவைக் கொல்லும் கொடுமை அந்நாளில் இருந்தது. 1863இல் அவர்களுக்காகவே தம் வீட்டில் பிரசவ விடுதி அமைத்தார். அங்குப் பிறந்த ஒரு குழந்தையைத் தம் மகனாகவே ஏற்று யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார். எந்த வகுப்பின் ஏடுகளை அவர் சாடினாரோ அந்த வகுப்பின் விதவையைத் தாயாகத் தாங்கினார். 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதார் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டார்.

இத்தனையும் செய்தபின்தான், 1873இல், அந்தப் புத்தகத்தை எழுதினார். 'குலாம்கிரி' என்று பெயர். குலாம் என்றால் நம் ஊரிலும் புரியும்: அடிமை. அடிமைத்தனம் என்பதே நூலின் பெயர். அதை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார்? அரசருக்கல்ல, ஆண்டவனுக்கல்ல. நீக்ரோ அடிமைகளை விடுவிக்கத் தம்மையே தியாகம் செய்த அமெரிக்க நாட்டு நல்லோருக்கு! கடல் கடந்த நாட்டின் போராட்டத்தைப் பூனாவிலிருந்து கண்டு, அதேபோல் தம் நாட்டாரும் சூத்திரரை விடுவிக்க முன்வர வேண்டும் என்ற விருப்பத்தையும் அக்காணிக்கையிலேயே எழுதினார்.

ஏன் அமெரிக்கா? இங்கேதான் தேநீர்க் கடைத் தோழரின் கேள்விக்கு வருகிறோம்.

பைபிள் காலத்தில் அடிமைகள் இருந்தனர், மறைப்பதற்கில்லை. எபிரேயன் ஒருவன் கடனால் தன்னை விற்றுக்கொண்டால் ஆறாண்டு உழைப்பான். ஏழாம் ஆண்டு விடுதலையாகிப் போவான். இது யாத்திராகமச் சட்டம். போகும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, ஆட்டிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து அள்ளிக் கொடு என்கிறது உபாகமம். ஓடிவந்த அடிமையை எசமானிடம் திருப்பிப் பிடித்துக் கொடுக்கக் கூடாது. மனிதனைத் திருடி விற்றவனுக்குச் சாவுத் தண்டனை. வாரத்தின் ஏழாம் நாள் எசமானுக்கு ஓய்வென்றால், அடிமைக்கும் ஓய்வு, அடிமைப் பெண்ணுக்கும் ஓய்வு. இவையெல்லாம் அந்த ஏட்டின் ஒரு பக்கம்.

மறு பக்கத்தையும் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் நாமும் புரோகிதர் வேலையே செய்தவராவோம். வேற்று நாட்டாரை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாம், அவர்களுக்கு ஏழாம் ஆண்டு கிடையாது என்கிறது லேவியராகமம். அடிபட்ட அடிமை ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்து செத்தால் எசமானுக்குத் தண்டனை இல்லை. அடிமை அவன் பணமல்லவா என்கிறது சட்டம்! பவுலும் கீழ்ப்படிதலைப் போதித்தார். ஒநேசிமு என்ற அடிமையை அவன் எசமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினார். ஆயினும் அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கடிதம் கொடுத்தனுப்பினார்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்ட முதலாளிகள் இதில் எந்தப் பக்கத்தை எடுத்தனர்? கேட்கவும் வேண்டுமா! கானானைச் சபித்த நோவாவின் கதையை எடுத்தனர். கறுப்பர் அச்சாபத்தின் பிள்ளைகள் என்றனர். பவுலின் கீழ்ப்படிதலை எடுத்தனர். பாதிரிமார் பலர் அதற்கு மேடை தந்தனர். அடிமைப் பிரச்சினையால் 1844இல் மெதடிஸ்டு சபை பிளந்தது. 1845இல் பாப்டிஸ்டு சபை பிளந்தது. அடிமையை வாரிசுச் சொத்தாக்கிய வரியைக் காட்டினான் ஒருவன்; மனிதனைத் திருடியவனுக்குச் சாவு என்ற வரியைக் காட்டினான் மற்றொருவன். ஒரே ஏடு, இரண்டு அணி! வழக்கைத் தீர்த்தது ஏடா? அல்ல தோழரே. எந்த வரியைப் பிடிப்பது என்று முடிவு செய்தது மனிதனின் மனச்சாட்சி. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் இருந்த நாட்டிலே, 1865 டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது.

இதைக் கண்டார் பூலே; கண்டு தம் நாட்டு ஏட்டைத் திறந்தார். மனு நீதியிலும் அடிமை உண்டு. ஏழு வகை அடிமை உண்டு. போரில் பிடிபட்டவன், சோற்றுக்காக அடிமையானவன், வீட்டிலே பிறந்தவன், விலைக்கு வாங்கப்பட்டவன் என்று கணக்கு நீளும். ஆனால் அதற்கு மேலே ஒன்று உண்டு. சூத்திரன் ஊழியத்துக்கென்றே படைக்கப்பட்டவன்; உடையவனே விடுவித்தாலும் அவன் ஊழியத்திலிருந்து விடுபடான்; அது பிறவியோடு ஒட்டியது, அதை நீக்க வல்லார் யார் என்று கேட்கிறது அந்த ஏடு!

வேறுபாடு விளங்குகிறதா? எபிரேய அடிமைக்கு ஏழாம் ஆண்டு என்றொரு கதவு இருந்தது. அந்நிய அடிமைக்குக் கதவு பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்கும் சாவி எசமான் கையிலாவது இருந்தது. இங்கே கதவே வைக்காமல் சுவர் எழுப்பினர். சுவருக்குப் பிறவி என்று பெயரிட்டனர். விலைக்கு வாங்கப்பட்டவன் தான் அடிமை என்பதை அறிவான். அறிந்தவன் ஓடுவான், ஒரு நாள் எதிர்ப்பான். பிறவியால் அடிமையானவனோ, அதைத் தன் தலையெழுத்தென்று தானே தொழுவான். மகனுக்கு அன்று தந்தை கூறிய ஆறுதல் நினைவிருக்கிறதல்லவா?

சட்டம் இங்கும் வந்தது. அமெரிக்காவுக்கு முன்பே வந்தது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று 1843இல் கம்பெனி ஆட்சி சட்டம் செய்தது. தமிழகத்திலே பஞ்ச காலத்தில் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் கதையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆளை விற்ற ஓலைகளும் கிடைத்துள்ளன. ஓலை செல்லாது என்றது 1843. ஆனால் பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். ஏன்? ஓலை கிழிந்தது, உள்ளத்தில் எழுதியது கிழியவில்லை.

அதைக் கிழிக்கத்தான் 'குலாம்கிரி'. ஜோதிபாவும் தோண்டிபாவும் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதினார். படிக்கத் தெரியாதவன் கேட்டே புரிந்துகொள்ளட்டும் என்பது போன்ற நடை. அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மீனாய் வந்தான், ஆமையாய் வந்தான், பன்றியாய் வந்தான் என்ற புராணப் புகையை விலக்கி, வந்தேறிய ஆரியர் இந்நாட்டு மக்களை வென்ற வரலாறாக அவற்றைப் படித்துக் காட்டினார். அந்த வரிசையிலே வருகிறான் மாவலி. வஞ்சிக்கப்பட்ட நல்லரசன் அவன். உழவரின் அரசன் அவன் என்றார். மராட்டிய நாட்டுப் பெண்கள் திருநாளன்று, துன்பம் தொலையட்டும், பலியின் ஆட்சி திரும்பட்டும் என்று வாழ்த்தும் வழக்கத்தை எடுத்துக் காட்டினார். மலையாள நாட்டிலே ஓணத்தன்று வரவேற்கப்படுபவனும் அவன்தானே! அவர் வரைந்த வரலாறு முழுவதையும் இன்றைய ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்பதில்லை. ஏற்க வேண்டியதுமில்லை. கதையைக் கேட்டுத் தலையாட்டியவனைக் கதை சொன்னவன் யார், வென்றவனா வீழ்ந்தவனா என்று கேட்க வைத்தாரே, அந்த வேலை இன்றும் நிலைக்கிறது. தாடிக்கொம்புத் தூணின்முன் நாம் நின்றபோது எழுந்த கேள்வியும் அதுதான்.

புத்தகத்தோடு நிற்கவில்லை அவர். 1873 செப்டம்பர் 24ஆம் நாள் சத்தியசோதக் சமாஜம் தொடங்கினார். உண்மை தேடுவோர் சங்கம் என்று பொருள். தரகர் இல்லாமல் கடவுளை எண்ணலாம், புரோகிதர் இல்லாமல் மணம் முடிக்கலாம் என்றது அச்சங்கம், முடித்தும் காட்டியது. 1967இல் சென்னைச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததே, அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே! 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் மனுக் கொடுத்தார்: வரி கொடுப்பவன் உழவன், அந்த வரியில் படிப்பவன் உயர்சாதியான், 12 வயது வரை எல்லார்க்கும் கட்டாயக் கல்வி கொடு என்றார். உழவர் துயரைத் தனி நூலாகவே எழுதி, வெள்ளை அதிகாரிகளின் அலட்சியத்தையும் அதிலே சாடினார்.

1888இல், விக்டோரியா அரசியின் மகன் கன்னாட்டுக் கோமகனுக்கு விருந்து நடந்தது. வைரம் பூண்டோர் வரிசையிலே, உழவன் உடையில் போய் உட்கார்ந்தார் பூலே. இந்த நகைக்காரர்களைக் கண்டு இதுதான் இந்தியா என்று எண்ணிவிடாதீர், கிராமத்துக்குச் சென்று பாரும் என்று எழுந்து பேசினார். அந்த ஆண்டு மே மாதம் பம்பாய் மக்கள் திரண்டு அவருக்கு மகாத்மா என்ற பட்டம் அளித்தனர். அதே ஆண்டு பக்கவாதம் வலக் கையை முடக்கியது. இடக் கையால் எழுதிக் கடைசி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28ஆம் நாள் மறைந்தார். தத்து மகனுக்குக் கொள்ளி வைக்க உரிமையில்லை என்று உறவினர் தடுக்க, தீச்சட்டியைத் தாமே ஏந்தி முன்னே நடந்தார் சாவித்திரி அம்மையார். ஏழாண்டுகள் கழித்து, பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்து அதே நோய்க்கு இரையானார் அவரும். பூலேயைத் தம் குருமார் மூவரில் ஒருவர் என்றார் அண்ணல் அம்பேத்கர். சூத்திரர் யார் என்பதை ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

ஆலைத் தோழருக்குச் சொல்ல இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பூலேயின் சங்கத்தில் வளர்ந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. பம்பாய் ஆலைகளிலே அந்நாளில் வார விடுமுறை கிடையாது. பைபிள் காலத்து அடிமைக்கு இருந்த ஏழாம் நாள், 19ஆம் நூற்றாண்டின் சுதந்திரக் கூலிக்கு இல்லை! 1884இல் லோகாண்டே ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டார். 5,500 தொழிலாளர் ஒப்பமிட்ட மனு எழுந்தது. 'தீனபந்து' ஏட்டிலே எழுதினார், மேடையிலே முழங்கினார். 1890 ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஒப்புக்கொண்டனர். பூலே கண்மூடும் முன்னே அவர் காதில் விழுந்த நற்செய்தி அது. மாதா கோயிலுக்குப் போக இந்தத் தோழருக்குக் கிடைக்கும் ஞாயிறு, மோசேயின் கற்பலகையிலிருந்து மட்டும் வந்ததன்று. லோகாண்டேயின் மனுவிலிருந்தும் வந்தது.

முடிந்துவிட்டதா கதை? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்பின்னும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும், முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்தே வருகிறோம். 2000க்குப் பின், கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. ஏழைப் பெண் மூன்றாண்டு விடுதியிலே அடைந்து உழைத்தால், முடிவிலே திருமணத்துக்கென ஒரு தொகை. இடையிலே உடல் நலிந்து வெளியேறினால்? பேசிய தொகை கிடைக்காமலே திரும்பினர் பலர். வெறுங்கையாய் அனுப்பாதே என்று அடிமைக்கு எழுதிய பழைய சட்டம், இந்தப் பெண்களுக்குக் கூட எட்டவில்லை.

ஆகவே தோழரே, எந்த ஏட்டிலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பார்த்ததோடு விடாதீர்கள். அதனால் யார் தலைமீது யார் கால் இருக்கிறது என்றும் பாருங்கள். பவுலின் ஏடானாலும் மனுவின் ஏடானாலும், ஆலை வாயிலில் கைநாட்டு வாங்கும் காகிதமானாலும், சோதனை அது ஒன்றுதான். பூலே அந்தச் சோதனையைக் கற்றது பள்ளியிலே, கற்பித்ததும் பள்ளியிலே. தோழர் தேநீரைக் குடித்து முடித்து, தம் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள், மில்லுக்கு அனுப்பச் சொல்லி ஒரு தரகர் வந்து கேட்டுப் போயிருக்கிறார் என்றார். என்ன முடிவு செய்தீர்கள் என்று நாம் கேட்டோம். படிக்கட்டும் என்றார்.